குதிகாலில் வலி, முகத்தில் மண்

எங்கள் ஊரில் ஓடத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கல்லறையில் இருக்கிறார். இன்னொருவன் நான். ஓடுகிறவர்களைக் கிளப்பிவிடுவதுதான் என் உத்தியோகம். கென்யா முழுக்கப் பந்தய மைதானங்களில் துப்பாக்கி சுட்டு, ஒருவரையும் கொல்லாமல் ஓய்வு பெற்றேன். ஒன்றிரண்டு பேர் விஷயத்தில் அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

என் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. காலையில் ஒரு கல்லை உருட்டிவிட்டால் சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் அது விழுந்த சத்தம் கேட்கும். வீட்டுக்கு முன்னால் செம்மண் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் பிர்கென் வாத்தியாரின் ஓட்டக்காரர் முகாம். பிர்கெனும் நானும் ஒரே வருஷத்தில் விருத்தசேதனம் செய்துகொண்டவர்கள். அதனால் எங்களுக்குள் மரியாதை கிடையாது.

அந்த வருஷம் வெள்ளைக்காரர் ஊர் மராத்தான் ஒன்றுக்கு ஒரே ஒருவனை அனுப்பும்படி முகாமுக்கு அழைப்பு வந்தது. அதற்கு ஆசைப்பட்டவர்கள் அத்தனை பேர். தகுதி இருந்தவர்கள் இரண்டு பேர்: ஜகாயோ, எல்கானா.

ஜகாயோ சிரிப்புக்காரன். சாவு வீட்டில் பாதிரியார் தும்மினாலும் சிரித்துவிடுவான். ஓடினால் அவன் நிழல் அவனைப் பிடிக்க முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். எல்கானா அவனைவிட அரை அடி பின்னால் ஓடுவான். ஆனால் முகம் இருக்கிறதே, அது பாறை. எங்கள் விருத்தசேதனச் சடங்கில் பையன்களின் முகத்தில் ஈர மண்ணை அப்பிக் காயவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். வலியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் மண் வெடித்து உதிரும். உதிர்ந்தவனுக்குச் சாகும்வரை பேர் ‘மண் உதிர்த்தவன்’. பெண் கொடுக்க மாட்டார்கள், கூட்டத்தில் பேச விடமாட்டார்கள், அவன் மாட்டைக்கூட மற்ற மாடுகள் மதிக்காது. எல்கானாவின் சடங்கன்று அவன் கண்ணிமைமேல் ஒரு ஈ உட்கார்ந்து, குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துப் பறந்து போனது என்பார்கள். மண் அசையவில்லை.

பிர்கெனின் சடங்கன்று அவன் முகத்து மண் எப்படி இருந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். அது எங்கள் வயசுக்காரர்களின் ரகசியம். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் விடியலில் நான் வேலியோரம் டீயோடு நின்றேன். எல்கானா கட்டிலைவிட்டு இறங்கிக் கழிப்பறைக்குப் போனான். சுடுசாம்பலில் கோழி நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நடை. சுவரைப் பிடித்து, குதிகாலைத் தரையில் படவிடாமல், நுனிக்காலில். எனக்கு டீ இனித்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தோடு ஓட்டத்துக்குக் கிளம்பினான். முதல் மேடு வரைக்கும்தான் அந்தக் கோழி. அதற்கப்புறம் மான்.

அன்று மத்தியானம் அவன் என் மக்காச்சோளக் கொல்லைக்குள் ஒளிந்து உட்கார்ந்து, ஊக்கால் தன் குதிகாலைத் தோண்டிக்கொண்டிருந்தான். ரத்தம் கசிந்தது.

“என்னடா புதையல் தேடுறே?”

துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் குதிகாலை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டான். முகம் மட்டும் அசையவில்லை.

“முள்ளு பெரியவரே. உள்ள எங்கயோ முறிஞ்சு நிக்குது. ஒரு மாசமா தேடுறேன்.”

“ஒரு மாசம் தோண்டியும் கிடைக்காத முள்ளா? இன்னும் கொஞ்சம் தோண்டு, தான்சானியா வந்துரும்.”

“வாத்தியார்கிட்ட சொல்லிராதீங்க. சொன்னா என் இடம் போச்சு. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்.”

“என் காலை எதுக்குப் பிடிக்கிற? அது நல்லாத்தான் இருக்கு.”

சனிக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். பிர்கெனின் மகள் ஜெரோப், எல்டோரெட் நகரத்தில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவள், சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவாள். ‘என் பையன்களைத் தொட்டு வலியைச் சொல்லிக் கொடுத்துருவா’ என்று அப்பன் அவளை முகாமுக்குள் விடுவதில்லை. அதனால் என் வீட்டு முன்னால் இருக்கும் கருங்கல் படிதான் அவளுக்கு ஆஸ்பத்திரி. படிப்புக்குத் தகுந்த நாக்கு அவளுக்கு. சவரக்கத்தி.

எல்கானாவின் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, குதிகாலின் உள்பக்க விளிம்பில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல அக்கா.”

“முகம் இல்லைங்குது. காது ரெண்டும் முதுகுப்பக்கம் போயிருச்சே. சித்தப்பா, பாத்தீங்களா?”

பார்த்தேன். முயலைப் பிடித்தால் காது இப்படித்தான் போகும்.

“முள்ளுதானே அக்கா?”

“முள்ளும் இல்ல, செய்வினையும் இல்ல. வில்லு பிடிச்சிருக்கியா? பாதத்துக்கு அடியில குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் ஒரு நாண் இழுத்துக் கட்டியிருக்கு. உன் பாதம் வளைஞ்சு நிக்கிறதே அதாலதான். மேடு மேடா ஓடி, அதை எலும்போட சேர்ற இடத்துல நார் நாரா நைய வெச்சிருக்க. தூங்கறப்ப அது சுருங்கிக் கிடக்கும். நீ எந்திரிச்சு ஒரு மிதி மிதிக்கிற, அத்தனையும் சுண்டி இழுக்கும். ஓட ஓடச் சூடாகி இளகிக் குடுக்கும். உடனே உன் மரமண்டை, சரியாயிருச்சுன்னு சொல்லும். சரியாகல. மறுநாள் காலைல இன்னும் கொஞ்சம் நையும்.”

“இப்ப என்ன பண்ணணும்?”

“கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடியே கால் விரல்களைக் கையால உன் பக்கமா இழுத்துப் பிடி. அப்புறம் செருப்பு போட்டுட்டு எந்திரி. வெறுங்காலோட சிமென்ட் தரைல நிக்காத. ராத்திரி பாட்டில்ல தண்ணி ஊத்தி வெளிய வை. நம்ம ஊர்க் குளிருக்குக் காலைல கல்லு மாதிரி சில்லுன்னு இருக்கும், அதைப் பாதத்துக்கு அடியில உருட்டு. சுவத்துல கை வெச்சுக் கெண்டைக்காலை நீட்டு. இந்தப் படியில ஏறு. விரலுக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வெச்சுக்க. குதிகாலை மெதுவாத் தூக்கு, மெதுவா இறக்கு. மெதுவான்னா, பாராளுமன்றத்துல சட்டம் போடற வேகத்துல.”

“எத்தனை நாள்?”

“மூணு மாசம். மேட்டு ஓட்டம் கிடையாது. அவசரப்பட்டா ஒரு வருஷம்.”

“பந்தயம் ஆறு வாரத்துல அக்கா.”

“அப்ப சந்தைல வேற பாதம் வாங்கிக்க.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “எல்டோரெட்ல ஒருத்தர் குதிகாலுக்கு ஊசி போடறாராமே. போட்டா அன்னைக்கே வலி போயிருமாம்.”

ஜெரோப் அவன் பாதத்தைத் தொப்பென்று கீழே போட்டாள். காது மறுபடி பின்னால் போனது.

“வலி போகும். போட்டுட்டு வீட்டுல கிடந்தா வேற கதை. போட்டுட்டு ஓடினா நைஞ்ச நாண் ஒரேயடியா அறுந்துரும். அறுந்தா உன் பாதம் சப்பாத்தி. ஓடினது போதும்னு மாடு மேய்க்கப் போகணும். மாடும் உன்னைவிட வேகமாப் போகும்.”

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் முகாம் தூங்கும் நேரத்தில் எல்கானா என் படிக்கு வந்து குதிகாலைத் தூக்கினான், இறக்கினான். மூச்சுவிடும் சத்தம்கூட வராது. ஆனால் மேட்டு ஓட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வாத்தியார் கேட்பாரே. மத்தியானம் தைத்ததைக் காலையில் கிழித்தான்.

இனிமேல்தான் விருந்து. அதே படிக்கு, இருட்ட ஆரம்பித்ததும், இன்னொரு மாணவன் வருவான். வாத்தியார் பிர்கென்! நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு சாலையில் நின்று கத்திக் கத்தி, எங்கள் ஊர்ச் சர்ச் மணி அளவுக்கு ஒரு தொந்தியையும் தூக்கிச் சுமந்து, அவனுக்கும் இரண்டு குதிகாலிலும் அதே வலி.

“ஏ கிழவா, படி காலியா?”

“இப்பத்தான் காலியாச்சு. ஏறு. படி உடைஞ்சா கல்லுக்காரனைக் கூட்டிட்டு வா.”

சனிக்கிழமையானால் மகளே அவன் விரலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைப்பாள். எல்கானா வைத்த அதே துண்டு. பிர்கென் ஒவ்வொரு தடவை இறக்கும்போதும், கன்று போடும் பசு மாதிரி முனகுவான். மத்தியானம் சீடன், சாயங்காலம் குரு, ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன், ஒரே கல்லில்! இப்படி ஒரு டிவி எந்தக் கடையில் கிடைக்கும்? நான் வாயைத் திறப்பேனா?

போன வருஷம் பிர்கென் அனுப்பிய ஆள் குதிகால் வலியை மறைத்துப் போய், பாதிப் பந்தயத்தில் உட்கார்ந்துவிட்டான். அதனால் இந்தத் தடவை நொண்டியை முன்னாலேயே பிடித்துவிட வேண்டும் என்பதில் பிர்கென் வெறியாக இருந்தான்.

“நம்ம முறைப்படியே பாத்துரலாம்” என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படியில் தொங்கிக்கொண்டே சொன்னான். “காலைல கட்டில்ல உட்கார வெச்சு முகத்துல மண்ணை அப்பிக் காயவிடுவேன். காய்ஞ்சதும் வெறுங்காலோட தரைல இறங்கி வாசல் வரைக்கும் நடக்கணும். மண்ணு உதிர்ந்தவன் மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்.”

“அப்பா, குதிகால் உள்பக்கத்துல கட்டைவிரலால ஒரு அழுத்து போதும். நான் வந்து பாத்துச் சொல்றேனே.”

“அது ஆஸ்பத்திரிக்காரங்க வேலை. இது ஆம்பளைங்க வேலை.”

“வலியைக் காட்டக்கூடாதுன்னே வளந்தவனுங்க அப்பா. அவனுங்க முகத்தைப் பாத்து வலியைக் கண்டுபிடிக்கப் போறீங்களா? அது ஊமைகளைக் கூட்டி வெச்சுப் பாட்டுப்போட்டி வைக்கிற மாதிரி.”

“பொம்பளைக்கு இது புரியாது” என்று சொல்லி, படியிலிருந்து இறங்கி, “அம்மாடியோ” என்றான் பிர்கென்.

திங்கள்கிழமை விடியலில் நான் முகாம் ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் வரிசை. வறுத்த மக்காச்சோளம்கூடக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே கட்டில்களில் ஓட்டக்காரர்கள் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் சிவப்பு மண். நடுவில் கரியடுப்பு. மண் காய்ந்து வெளுத்தது. வாத்தியார் அடுப்போரம் முக்காலியில் அரைமணி நேரமாகக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தாலும் இந்த வலி, தூங்கி எழுந்த அதே கணக்குத்தான். அவன் அதை மறந்துபோனான்.

“ஆம்பளை எப்படி நடப்பான்னு முதல்ல பாத்துக்கங்கடா” என்று பூட்ஸைக் கழற்றி எறிந்து, வெறுங்காலோடு எழுந்து, தரையில் ஒரு மிதி மிதித்தான்.

பச்சை எலுமிச்சையைக் கடித்த கிழட்டு வெள்ளாட்டுக்குத் திடீரென்று பல்வலியும் வந்தால் எப்படி இருக்கும்? அந்த முகம். ஒரு கண் மூடியது, இன்னொன்று கூரையைப் பார்த்தது, உதடு காது வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். நல்ல வேளையாக அவன் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்து நின்றான். கதவோரக் கட்டில்கள் இரண்டு. ஒன்றில் எல்கானா. மற்றதில் ஜகாயோ.

ஜகாயோ சிரித்துவிட்டான்.

சத்தம் வரவில்லை. அடக்கப் பார்த்தான், பாவம். கன்னம் உப்பியது, நெற்றியில் ஒரு விரிசல் ஓடியது, மூக்கோரம் ஒரு துண்டு பெயர்ந்து போர்வையில் விழுந்தது. அப்புறம் மழையில் இடிந்த சுவர் மாதிரி மொத்தமும் பொலபொலவென்று.

பிர்கென் திரும்பினான். “இன்னும் தரைல காலே வைக்கலையேடா. அதுக்குள்ளயேவா?”

ஜகாயோ போர்வையில் விழுந்த மண்ணைப் பொறுக்கினான்.

“சொல்லுடா. வலியா?”

முகாமே அவனைப் பார்த்தது. என்ன சொல்வான்? ‘உங்க மூஞ்சி வலியில கோணிச்சு, அதைப் பாத்துச் சிரிச்சேன்’ என்றா? தகப்பன் வயசு ஆளை, வாத்தியாரை, அத்தனை பேர் நடுவில் மண் உதிர்த்தவன் என்று சொல்வதா? அதைவிடப் பெரிய வசை எங்கள் பாஷையில் இல்லை. எங்கள் பக்கத்து ஆள் நாக்கைக் கடித்துத் துப்புவானே தவிர அதைச் சொல்ல மாட்டான்.

“ஆமா வாத்தியாரே” என்றான் ஜகாயோ. “வலிக்குது.”

“எங்க?”

கொஞ்சம் யோசித்து, “குதிகால்ல” என்றான்.

“எந்தக் கால்?”

“எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

யாரோ களுக்கென்றான். அவன் முகத்திலும் மண் உதிர்ந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர். எல்லாரையும் பிர்கென் கழித்தான்.

எல்கானாவும் எல்லாவற்றையும் பார்த்தவன். ‘அவனுக்கு வலி இல்ல வாத்தியாரே’ என்று ஒரு வார்த்தை போதும். அவன் வாய் திறந்தால் மண் உதிரும். திறக்கவில்லை. தன் முறை வந்ததும் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முழுக் கனத்தையும் குதிகாலில் இறக்கி, வாசல் வரை நடந்தான். அவன் காதுகளை நான் மட்டும்தான் பார்த்தேன். பின்மண்டையில் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. முகம் மட்டும் புதுச் சட்டி.

“பாத்தீங்களாடா? இவன் ஆம்பளை!” என்றான் பிர்கென்.

சனிக்கிழமை, முகாமில் விட்டுப்போன மூட்டையை எடுக்க வந்த ஜகாயோவை ஜெரோப் சாலையில் நிறுத்தி, என் படியில் உட்கார வைத்துக் குதிகாலை அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம், மறுபக்கம், நடுவில். அவனுக்குக் கூச்சம்தான் வந்தது. சிரித்தான்.

“கன்னுக்குட்டிக் காலுடா இது. ஏன்டா வலிக்குதுன்னு சொன்ன?”

“வேற என்ன சொல்றது அக்கா? உங்க அப்பாவாச்சே.”

அவள் நேராகச் சாலையைத் தாண்டி அப்பனிடம் போனாள். கத்தல் என் வீடு வரை கேட்டது. “முடிஞ்சது முடிஞ்சதுதான். மண்ணு உதிர்ந்தவனை அனுப்பிச்சா ஊரு என்னைக் காறித் துப்பும்.” அவ்வளவுதான் அவன் பதில். எல்கானாவிடம் போனாள். “நீயாவது சொல்லு. உன் கால் தாங்காது.” எல்கானா ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான், “எனக்கு எதுவும் இல்ல அக்கா.” அதற்கப்புறம் அவன் என் படிக்கும் வரவில்லை. எல்டோரெட்டுக்குத்தான் போய் வந்தான். ஊசிக்காரனிடம்தான். வந்தபோது விடியலில் கட்டிலைவிட்டு மான் மாதிரி இறங்கினான். கோழியைக் காணோம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பந்தயத்தன்று ஊரே டீக்கடை டிவி முன்னால் அடைந்து கிடந்தது. வாத்தியாருக்கு முன்வரிசையில் நாற்காலி. கூரைமேல் ஆள், ஜன்னலில் ஆள். முதல் பாதியில் எல்கானா முன்கூட்டத்தில் ஓடினான். அடுத்த பாதியில் அவனும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். கடைக்காரன் டீயில் இரட்டைச் சர்க்கரை போட்டான்.

முடிய எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பாலத்திலிருந்து இறங்கும் சரிவு. எல்கானாவின் இடது பாதம் ஊன்றியது, ஊன்றிய இடத்தில் ஒரு கணம் தயங்கியது. டிவியில் சத்தம் வராது. ஆனால் ‘டொப்’ என்று ஒன்று எனக்குக் கேட்டது. துப்பாக்கிச் சத்தத்தில் பழகிய காது இது.

மற்ற இருவரும் போய்விட்டார்கள். எல்கானா ஓடினான், ஓட்டம் நடையாயிற்று, நடை இழுவையாயிற்று. கேமரா அவன் முகத்துக்குப் போனது. திரை முழுக்க அந்த முகம். ஒரு சுருக்கம் இல்லை.

“முகத்தைப் பாருங்கடா!” பிர்கென் நாற்காலியிலிருந்து எழுந்தான். “வெள்ளைக்காரன் பாக்கட்டும்! ஒரு மண்ணு உதிரும்? ஒரு மண்ணு?”

கடை முழுக்கக் கைதட்டியது. “உதிராது! உதிராது!” யாரோ ஆரம்பித்தான், எல்லாரும் பாடினார்கள். சுவரோரம் நின்ற ஜெரோப் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “உக்காருடா, உக்காருடா பாவி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பேச்சு அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்? தொப்பி வைத்த கிழவிகள்கூட அவனைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி நின்று அவனைப் படம் எடுத்தாள். கடைசி எல்லை வரைக்கும், அதாவது வெள்ளைக் கோடு வரைக்கும், அந்த எட்டு கிலோமீட்டரையும் எல்கானா இழுத்தே முடித்தான். எங்கள் கடை, ஜெயித்தவன் யாரென்று பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியபோது மாலை போட்டு, சுரைக்குடுவையில் கரி மணக்கும் புளித்த பால் கொடுத்து வரவேற்றார்கள். அன்றைக்கே ஜெரோப் அவனை என் படியில் உட்கார வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“இல்ல அக்கா.”

இந்தத் தடவை நான் காதுகளைப் பார்த்தேன். அவை இருந்த இடத்தில் இருந்தன. உண்மையாகவே வலிக்கவில்லை. நாண் அறுந்த பிறகு எதை இழுத்து வலிக்கும்? பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். வளைவு போய், மாவு உருட்டும் பலகை.

“மறுபடி ஓடலாமா அக்கா?”

போன தடவை தொப்பென்று போட்ட பாதத்தை, ஜெரோப் இந்தத் தடவை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

ஜகாயோ பள்ளத்தாக்குக்குக் கீழே முட்டைக்கோசு போடுகிறான். நிச்சயம் பண்ணிய பெண் வீட்டார், மண் உதிர்த்தவனுக்குக் கொடுக்க முடியாது என்று வேறு இடம் பார்த்துவிட்டார்கள். போன மாதம் அவன் ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த எல்டோரெட் பஸ்ஸை ஜகாயோ வெறுங்காலோடு முந்திப் போய், ஆட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போதுதான் பஸ் அந்த இடத்துக்கு வந்ததாம். டிரைவரே சொன்னான்.

பிர்கெனின் குதிகால் இரண்டும் சரியாகிவிட்டன. மூன்று மாதம் ஒரு சாயங்காலம் விடாமல் என் படியில் தூக்கி இறக்கினான். ரப்பர் பூட்ஸை விட்டுவிட்டு மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டான். இப்போது விடியலில் கட்டிலைவிட்டுக் குதித்து இறங்குகிறான், கடங்காரன்.

மண் பரீட்சை மட்டும் நிற்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு வேலையாள் இருக்கிறான்: எல்கானா. மண்ணைச் சலித்து, தண்ணீர் ஊற்றி மிதித்துக் குழைத்து, புதிதாக வந்தவர்களின் முகத்தில் அப்புகிறான். போன திங்கள்கிழமையும் நான் ஜன்னலில் இருந்தேன். குழைத்த மண்ணிலிருந்து அவன் இடது காலைத் தூக்கி வைத்தான். சிமென்ட் தரையில் அந்தத் தடம் விழுந்தது. இடுப்பும் இல்லை, வளைவும் இல்லை. ரொட்டிக்கு விரல் முளைத்த மாதிரி.

கட்டில்களில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தடத்தையே பார்த்தார்கள். மண் காய்ந்திருந்தது. ஒருவன் காது மட்டும் மெல்லப் பின்னால் போயிற்று.

“எந்திரி, நட” என்றான் எல்கானா.